டிக்கியைத் திறக்கச் சொல்லுங்கள்!

2024 அக்டோபர் நடுவில் சென்னைக்குச் சிவப்பு எச்சரிக்கை வந்தது. வேளச்சேரி ஜனம் டி.வி. முன்னால் உட்கார்ந்து புலம்பிக்கொண்டா இருந்தது? காரை எடுத்துக்கொண்டு போய் மேம்பாலத்தின் மேல் வரிசையாக நிறுத்திவிட்டு, குடையைப் பிடித்தபடி வீட்டுக்கு நடந்தது. போலீஸ் அபராதம் போடுகிறது என்று ஒரு பேச்சு கிளம்பியது. போட்டால் போடட்டும், இன்ஜினுக்குள் தண்ணீர் ஏறினால் வரும் பில்லோடு ஒப்பிட்டால் அது காப்பிக் காசு என்று கணக்குப் போட்டவர்கள் நம் ஆட்கள். அப்படி அபராதம் எதுவும் போடவில்லை என்று பிறகு போலீஸே சொல்லிவிட்டது.

அந்தக் கணக்கு சும்மா வந்ததல்ல. 2015 டிசம்பர் 1 இரவு அடித்த மழையில் தாம்பரத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் 49 சென்டிமீட்டர் பதிவானது. வேளச்சேரியில் விஜயநகரிலும் ராம் நகரிலும் ஏ.ஜி.எஸ். காலனியிலும் தெருவில் படகு ஓடியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்து அதே பாடத்தை மறுபடி நடத்திவிட்டுப் போனது. இத்தனைக்குப் பிறகும் வீட்டைக் கழுவி, சுவரில் படிந்த தண்ணீர்க் கோட்டின் மேல் பெயின்ட் அடித்து, இதே ஊரில் குடியிருக்கிறீர்கள்.

இப்படிப்பட்ட நீங்கள், ஒரு ஏ4 தாளைப் பார்த்து நடுங்கலாமா?

எந்தத் தாள் என்று உங்களுக்குத் தெரியும். பத்து வருடம் ஓடிய ஹைபிரிட் காரை சர்வீஸுக்கு விட்டிருப்பீர்கள். மீட்டர் போர்டில் ஒரு மஞ்சள் விளக்கு. ஏ.சி. அறையில் உட்காரவைத்து, ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்து, சர்வீஸ் அட்வைசர் அந்தத் தாளை நீட்டுவார். "சார், ஹைபிரிட் பேட்டரி போயிடுச்சு. அசெம்பிளியா மாத்தணும். இன்னைக்கே கன்ஃபர்ம் பண்ணிட்டீங்கன்னா பார்ட்ஸ் ஆர்டர் போட்டுடலாம்." கீழே ஒரு தொகை. மகளின் கல்லூரிக் கட்டணம் ஞாபகத்துக்கு வருகிற மாதிரி ஒரு தொகை. வீட்டுக்குப் போன் போட்டால், "அந்த டப்பாவை வித்துத் தொலைங்க" என்று பதில் வரும். தொண்டை வறளும். பேனாவைத் தேடுவீர்கள்.

பேனாவைச் சட்டைப் பையிலேயே வையுங்கள்!

அந்தத் தாளுக்குப் பெயர் எஸ்டிமேட். அதாவது, மதிப்பீடு. ஒருவருடைய கருத்து. அதன் கீழே நீங்கள் கையெழுத்துப் போடும்வரை அதற்கு உங்கள் மேல் எந்த அதிகாரமும் கிடையாது. நீதிபதி பேனாவை முறித்துவிட்டுப் போன மாதிரி ஏன் உடைந்துபோகிறீர்கள்? உங்களை உடைப்பது தொகை அல்ல. அதைவிடப் பெரிய தொகைக்கு வீட்டுக் கடன் பத்திரத்தில் கை நடுங்காமல் கையெழுத்துப் போட்டவர் நீங்கள். வீட்டில் செங்கல் எது, சிமென்ட் எது என்று தெரியும். காருக்குப் பின்னால் ஒரு மூடிய பெட்டி இருக்கிறதே, அதில் என்ன இருக்கிறது என்று தெரியாது. தெரியாத இடத்தில்தான் பயம் வாடகை கொடுக்காமல் குடியேறுகிறது. அதைக் காலி பண்ண ஒரே வழி, பெட்டியைத் திறந்து பார்ப்பது.

முதலில், உங்களிடம் இருப்பது எந்த ஹைபிரிட்? இதைக் கேட்டால் பாதிப் பேர் விழிக்கிறார்கள். இந்தியாவில் 2008இல் ஹோண்டா சிவிக் ஹைபிரிட் வந்தது; 2010இல் டொயோட்டா ப்ரியஸ்; 2013இல் கேம்ரி ஹைபிரிட்; 2016இல் ஹோண்டா அக்கார்டு. இவையெல்லாம் மோட்டாரும் பெரிய பேட்டரியும் இன்ஜினோடு சேர்ந்து உழைக்கிற வண்டிகள். நடுவில் 2015இல் மாருதி சியாஸும் எர்டிகாவும் எஸ்.எச்.வி.எஸ். என்ற பட்டையை முதுகில் ஒட்டிக்கொண்டு வந்தன. அவை மைல்டு ஹைபிரிட். அவற்றில் 200 வோல்ட் பேட்டரியே கிடையாது. ஆல்டர்னேட்டரும் ஸ்டார்ட்டரும் ஒன்றாகச் சேர்ந்த மாதிரி ஒரு சின்ன மோட்டார், அதற்கு ஒரு சின்ன பேட்டரி, அவ்வளவுதான். சியாஸ் வைத்துக்கொண்டு, கேம்ரிக்காரர் வாங்கிய பில்லைக் கேள்விப்பட்டு, ராத்திரி தூக்கம் வராமல் புரளுகிறவர்கள் இந்த ஊரில் இருக்கிறார்கள். ஐயா, தூங்குங்கள்! அது உங்கள் பில்லே இல்லை.

நிஜமான ஹைபிரிட் வைத்திருப்பவர்கள் இனிமேல் கவனமாகப் படியுங்கள். அந்தப் பெட்டியைத் திறக்கப் போகிறோம்.

ப்ரியஸை எடுத்துக்கொள்வோம். பின் சீட்டுக்குப் பின்னால், டிக்கிக்கு அடியில் ஒரு உலோகப் பெட்டி. உள்ளே 28 மாட்யூல்கள், அலமாரியில் புத்தகம் அடுக்கிய மாதிரி. ஒவ்வொன்றிலும் 6 செல். ஒரு செல் 1.2 வோல்ட். ஆக 168 செல், 201.6 வோல்ட். அந்தத் தலைமுறை கேம்ரியில் 34 மாட்யூல், 204 செல், 244.8 வோல்ட். எல்லாம் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு என்கிற ரகம். முழுப் பெட்டியும் ஒரே பொருள் என்று உங்கள் எஸ்டிமேட் தாளில் ஒற்றை வரியில் எழுதியிருக்கும். பெட்டிக்குள் போனால் அது ஒரு கூட்டம்.

இந்த செல்கள் எல்லாம் தொடராக இணைந்தவை. வெள்ளத்தன்று வீட்டுக்குள்ளிருந்து தண்ணீரை இறைக்க வரிசையில் நின்று பக்கெட்டைக் கை மாற்றினோமே, அதே ஏற்பாடு. நடுவில் ஒருவர் தளர்ந்துபோனால் மொத்த வரிசையும் அவர் வேகத்துக்கு இறங்கிவிடும். காரின் கம்ப்யூட்டர் ப்ரியஸில் இரண்டிரண்டு மாட்யூலாகச் சேர்த்து 14 ஜோடிகளின் வோல்டேஜைத் தனித்தனியே பார்த்துக்கொண்டே இருக்கிறது. ஏதோ ஒரு ஜோடி மற்றவற்றிலிருந்து விலகிப்போனால் மஞ்சள் விளக்கைப் போட்டு, 'பேட்டரியை மாற்று' என்கிற பழுதுக் குறியீட்டை, மெக்கானிக் மொழியில் 'கோடு', பதிந்துவிடும். கம்ப்யூட்டருக்கு அந்த ஒரு வாக்கியம்தான் தெரியும். அது சொல்வதை அப்படியே அச்சடித்து நீட்டுகிறவருக்கும் பல நேரம் அதுதான் தெரியும்.

உங்களுக்கு இப்போது அதைவிடக் கூடுதலாகத் தெரியும். ஆகவே கேளுங்கள்: "தம்பி, என்ன கோடு வந்திருக்கு? 14 ஜோடியோட வோல்டேஜையும் பிரிண்ட் எடுத்துக் குடுங்க. வண்டி நிக்கும்போது ஒண்ணு, ஓடும்போது ஒண்ணு." இதைச் சத்தமாகக் கேட்க வேண்டாம், கோபமாகவும் வேண்டாம். பால்காரரிடம் கணக்குக் கேட்கிற குரலில் கேட்டால் போதும். எதிரில் இருப்பவர் நிமிர்ந்து உட்காருவதை நீங்களே பார்ப்பீர்கள். ஸ்கேன் கருவியில் அந்த எண்கள் எல்லாம் இருக்கின்றன. கேட்கிற ஆள் இல்லாததால் யாரும் எடுத்துக் கொடுப்பதில்லை.

எண்கள் கையில் வந்தால் கதை பல வழிகளில் திரும்பும். 14இல் 10 தள்ளாடினால் பேட்டரி வயதாகிவிட்டது என்று அர்த்தம். அழுது பிரயோஜனம் இல்லை. ஒரே ஒரு ஜோடி மட்டும் விழுந்தால், அது செல்லின் குற்றமா, செல்களை இணைக்கிற செம்புப் பட்டையில் ஏறிய பாசியின் குற்றமா என்று பார்க்க வேண்டும். நம் ஊர்க் காற்று கடற்காற்று. ஜன்னல் கம்பியைத் தின்கிற காற்று, செம்பை விட்டுவைக்குமா? பட்டைகளைக் கழற்றிச் சுத்தம் செய்து மறுபடி முடுக்கியதும் வண்டி கோடு காட்டாமல் ஓடுவது உண்டு. எல்லா வண்டிக்கும் இந்த அதிர்ஷ்டம் இல்லை. ஆனால் பார்க்காமலேயே லட்சங்களுக்குக் கையெழுத்துப் போடுவது தானதர்மத்தில் சேரும்.

அடுத்து காற்றோட்டம். பேட்டரியைக் குளிரவைக்க ஒரு மின்விசிறி இருக்கிறது. அது காரின் உள்ளே இருக்கிற ஏ.சி. காற்றைத்தான் இழுக்கிறது. அந்தக் காற்றுத் துளை பின் சீட் பக்கம் இருக்கும். மாடலுக்கு மாடல் இடம் மாறும், கையேட்டில் படம் போட்டிருப்பார்கள். அந்தத் துளையின் மேல் நாம் என்ன செய்கிறோம்? பள்ளிக்கூடப் பையை வைக்கிறோம். ஊருக்குப் போகும்போது அரிசி மூட்டையைச் சாத்துகிறோம். நாய் வளர்ப்பவர்கள் வண்டியில் அதில் முடி அடைத்துக்கொண்டிருக்கும். மே மாதத்தில் மூடிய காருக்குள் எத்தனை சூடு என்று தரமணி சாலையில் மத்தியானம் வண்டி நிறுத்திப் பார்த்தவருக்குத் தெரியும். மூச்சு அடைத்த பேட்டரி அந்தச் சூட்டிலும் வேலை செய்து, சீக்கிரம் சாகிறது. துளையையும் விசிறியையும் சுத்தம் செய்வதற்கு ஆகும் செலவை இரண்டு பேர் ஓட்டலில் சாப்பிட்ட பில்லுக்குள் அடக்கிவிடலாம். பழைய வண்டி வைத்திருப்பவர்கள் இதை ஆண்டுக்கு ஒருமுறை கேட்டு வாங்கிச் செய்துகொள்ளுங்கள். யாரும் தானாகச் சொல்ல மாட்டார்கள்.

இன்னும் ஒரு சின்னப் பயல் இருக்கிறான். 12 வோல்ட் பேட்டரி. நிஜ ஹைபிரிட்டிலும் அவன் உண்டு. பல மாடல்களில் டிக்கியின் ஓரத்தில் ஒளிந்திருப்பான். கம்ப்யூட்டர்களை எழுப்புவது அவன் வேலை. அவன் சோர்ந்துபோனால் மீட்டர் போர்டில் தீபாவளி மாதிரி விளக்குகள் எரியும், 'ரெடி' வராது, வண்டியே செத்துவிட்டது என்று தோன்றும். முதலில் அவனைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். இன்வெர்ட்டர் சூடாகிறது என்று எச்சரிக்கை வந்தால் இன்வெர்ட்டர் விலையைக் கேட்டு மயங்கி விழுவதற்கு முன்னால், அதற்குக் கூலன்ட் தள்ளுகிற சின்னப் பம்ப் ஓடுகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பம்ப் தனியாகக் கிடைக்கும்.

இவ்வளவும் கேட்டுவிட்டு, "சரி, நானே கழற்றிப் பார்க்கிறேன்" என்று ஸ்பானரை எடுத்துக்கொண்டு கிளம்பினீர்கள் என்றால், நில்லுங்கள்! அந்த ஆரஞ்சு நிறக் கேபிள்கள் அழகுக்குப் போட்டவை அல்ல. 200 வோல்ட்டுக்கு மேல் நேர்மின்சாரம். வண்டியை அணைத்த பிறகும் இன்வெர்ட்டருக்குள் இருக்கிற கெப்பாசிட்டர் சிறிது நேரம் மின்சாரத்தைப் பிடித்து வைத்திருக்கும். ஆளைக் கொல்ல அது தாராளமாகப் போதும். சர்வீஸ் பிளக்கை உருவி, நேரம் விட்டு, ரப்பர் கையுறை போட்டு, மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் பயிற்சி பெற்றவரே கை வைப்பார். யூடியூபைப் பார்த்துவிட்டு அதைத் தொடுகிற அசட்டுத் துணிச்சலுக்கு வேறு பெயர் இருக்கிறது, நம் பாட்டிமார் சொல்வார்கள். உங்கள் வேலை கேள்வி கேட்பது. கழற்றுவது அவர் வேலை.

பெண்களுக்கு ஒன்று தனியாகச் சொல்ல வேண்டும். நீங்கள் ஐ.டி. கம்பெனியில் நூறு பேரை மேய்ப்பவராக இருக்கலாம். தினம் துரைப்பாக்கம்வரை ஓட்டிக்கொண்டு போய் வருகிறவராக இருக்கலாம். கவுன்டரில் என்ன கேட்பார்கள்? "மேடம், வீட்ல சார் இருந்தா ஒரு நிமிஷம் பேசச் சொல்லுங்களேன்." போனைக் கணவரிடம் கொடுத்துவிட்டு ஒதுங்கி நிற்காதீர்கள்! அவருக்கும் ஒன்றும் தெரியாது. தெரிந்த மாதிரி "ம், ம்" கொட்டுவார், அவ்வளவுதான். ஜாப் கார்டில் உங்கள் பெயரை எழுதச் சொல்லுங்கள். 14 ஜோடி எண்களை நீங்கள் கேளுங்கள். அந்தக் கேள்வியைக் கேட்ட பிறகு அந்த அறையில் யாரும் 'சாரை'த் தேட மாட்டார்கள்.

தன்னம்பிக்கைக் கட்டுரையில் பேட்டரிக்கு என்ன வேலை என்று சிலர் முகம் சுளிக்கலாம். எனக்கு மலையேறியவர் கதையும் கடல் கடந்தவர் கதையும் அலுத்துவிட்டது. நம்மில் எத்தனை பேர் இமயமலை ஏறப் போகிறோம்? கவுன்டருக்கு முன்னால் எல்லோரும் நிற்கப் போகிறோம். ஆகவே கவுன்டருக்கு முன்னால் நின்றவர்கள் கதையைச் சொல்கிறேன்.

2011இல் ஷம்ஷேர் கத்தாரியா என்கிற கார்க்காரர் ஒருவர் இந்தியப் போட்டி ஆணையத்துக்கு ஒரு புகார் எழுதினார். கார் கம்பெனிகள் ஸ்பேர் பார்ட்ஸையும் பழுது கண்டுபிடிக்கும் கருவிகளையும் வெளியில் இருக்கிற மெக்கானிக்குகளுக்குக் கொடுப்பதில்லை. அதனால் ஓனர்கள் அவர்களிடமே போய், அவர்கள் சொன்ன விலையைக் கொடுக்க வேண்டியிருக்கிறது என்பது சாரம். புகாரில் இருந்தவை மூன்று கம்பெனிகள். விசாரணையில் அது வளர்ந்து, 2014 ஆகஸ்டில் 14 கார் கம்பெனிகளுக்குச் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் என்ற உத்தரவாக வந்து நின்றது. வெளி மெக்கானிக்கிடம் போனார் என்ற ஒரே காரணத்துக்காக வாரண்டியை மொத்தமாக ரத்து செய்யக்கூடாது என்றும் ஆணையம் சொன்னது. கம்பெனிகள் மேல்முறையீட்டுக்குப் போயின, அபராதக் கணக்கு மேலே மாறியது, வழக்கு நீண்டது, அதையெல்லாம் மறைக்கவில்லை. ஆனால் நம்மில் ஆயிரக்கணக்கானவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு பில் கட்டிய விஷயத்தில், ஒருவர் பேப்பரும் பேனாவும் எடுத்தார். அதற்கப்புறம் 14 கம்பெனிகளின் வக்கீல்கள் பதில் சொல்ல வேண்டி வந்தது!

தோற்றவர் கதையும் ஒன்று சொல்கிறேன். இந்த மாதிரிக் கட்டுரையில் தோற்றவரைப் பற்றி எழுதக்கூடாது என்று ஒரு சம்பிரதாயம் உண்டு; எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. அமெரிக்காவில் கலிஃபோர்னியாவில் ஹெதர் பீட்டர்ஸ் என்ற பெண்மணி 2006 மாடல் சிவிக் ஹைபிரிட் வைத்திருந்தார். லிட்டருக்கு 21 கிலோமீட்டர் கொடுக்கும் என்ற கணக்கில் வாங்கிய வண்டி, வயதாக ஆக 13கூட எட்டவில்லை. மற்ற ஓனர்கள் சேர்ந்து போட்ட வழக்கில் ஆளுக்கு நூறு, இருநூறு டாலர் என்று சமரசம் பேசினார்கள். அவர் ஒதுங்கிக்கொண்டு, வக்கீல்கள் வாதாட அனுமதி இல்லாத சிறு வழக்கு நீதிமன்றத்துக்குத் தனியாகப் போனார். 2012 பிப்ரவரியில் 9,867 டாலர் கொடுக்கச் சொல்லித் தீர்ப்பு வந்தது. மே மாதம் மேல்முறையீட்டில் அது ரத்தானது. பணம் போச்சு. ஆனால் உலகத்தின் பெரிய கம்பெனி ஒன்று, ஒரு பழைய காரின் மைலேஜைப் பற்றி ஒரு தனி மனுஷிக்கு நேருக்கு நேர் பதில் சொல்ல வேண்டி வந்தது. அவரைத் தோற்றவர் என்று எழுத எனக்குக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது.

நமக்கு இங்கே வழி இன்னும் எளிது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கிற மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. வக்கீல் இல்லாமல் நீங்களே பேசலாம். இரண்டு ஆண்டுகளுக்குள் போக வேண்டும். முதல் படியாக 1915 என்கிற எண்ணுக்குப் போன் போட்டாலே பல இடங்களில் குரல் இறங்கிவிடும். இதற்கெல்லாம் ஆதாரம் வேண்டும்: ஜாப் கார்டு, எஸ்டிமேட், ஸ்கேன் பிரிண்ட், கழற்றிய பழைய பாகத்தின் போட்டோ. ஒரு ஃபைல் போடுங்கள். கத்திக்கூச்சல் போட்டுவிட்டு வெறுங்கையோடு வருகிறவரைக் கண்டு எவரும் பயப்படுவதில்லை. ஃபைலோடு அமைதியாக உட்கார்ந்திருப்பவரைக் கண்டால் மேனேஜரே கேபினைவிட்டு வெளியே வருவார்.

"இங்கே எல்லாம் யார் சார் இதை ரிப்பேர் பண்ணுவாங்க?" என்கிறீர்களா? பாக் நீரிணைக்கு அந்தப் பக்கம் பாருங்கள். இலங்கையில் சாதாரணக் குடும்பங்கள் பலவற்றின் கார் ஜப்பானிலிருந்து வந்த பழைய ஹைபிரிட்தான்: ப்ரியஸ், அக்வா, ஃபிட், வெசல். 2020 மார்ச்சில் அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்திவிட்டது. தனியார் கார்களுக்கு மறுபடி கதவு திறந்தது 2025 பிப்ரவரியில். நடுவில் 2022இல் பெட்ரோலுக்கு இரவு பகலாக வரிசை, க்யூ.ஆர். அட்டை காட்டினால் காருக்கு வாரம் 20 லிட்டர். புதுக் கார் வாங்க வழியில்லை, இருக்கிற காரை ஓட்ட எண்ணெயில்லை, பேட்டரியோ பழசு. அந்த ஜனம் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தால் ஐந்து வருடமும் அழுதிருக்க வேண்டியதுதான். பேட்டரிப் பெட்டியைத் திறந்து, செல்லைச் சோதித்து, கெட்டதை எடுத்து, நல்லதைக் கோத்துத் தருகிற கடைகள் அங்கே தெருவோர டயர் கடை மாதிரி சகஜமாகிவிட்டன. கொழும்பு பஞ்சிகாவத்தையில் பழைய பாகம் தேடி அலைவது நம் புதுப்பேட்டைக்குப் போகிற மாதிரிதான். அவர்களுக்கு வாய்த்த கை நமக்கு வாய்க்காதா? புதுப்பேட்டையில் ஒரு லாரியையே பிரித்து, மறுபடி ஒன்றாக்கித் தருகிற ஊர் இது!

வெளியில் ரிப்பேர் பார்ப்பவரிடமும் கண்ணை மூடிக்கொண்டு விழாதீர்கள். கெட்ட மாட்யூல் ஒன்றை மட்டும் மாற்றுவது மலிவு. ஆனால் மிச்சம் இருப்பவை எல்லாம் அதன் சம வயதுத் தோழர்கள். சில மாதத்தில் அடுத்தது படுக்கும், மறுபடி வண்டியைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். அந்த வண்டியைச் சீக்கிரம் கைமாற்றப் போகிறவருக்கு அது சரி, வாங்குபவரிடம் மறைக்காதவரை. தொடர்ந்து ஓட்டப் போகிறவர் முழுதாகப் புதுப்பித்த பேட்டரியையோ கம்பெனிப் புதுசையோ பார்ப்பதுதான் நல்லது. எதை வாங்கினாலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "எத்தனை வருஷம் வாரண்டி? எழுதிக் குடுப்பீங்களா?" வாய் வார்த்தையில் மூன்று வருடம் சொல்லிவிட்டு, பேப்பரில் ஆறு மாதம் எழுதுகிறவரிடம் ஆறு மாத விலையைக் கொடுங்கள்.

இப்போது கணக்கு. இதில்தான் உணர்ச்சிவசப்பட்டு நிறையப் பேர் கவிழ்கிறார்கள். பேட்டரிக்கு 4 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். கேட்டவுடன் நெஞ்சு அடைக்கிறது. அந்த 4 லட்சம் உங்களுக்கு ஐந்து வருடம் ஓட்டிக் கொடுத்தால் மாதம் சுமார் 6,670 ரூபாய். இரண்டே வருடம் என்றால் மாதம் 16,670. வாரண்டியை ஏன் எழுதி வாங்கச் சொன்னேன் என்று இப்போது புரிகிறதா? எதிர்ப்பக்கம், கோபத்தில் பழைய வண்டியைத் தள்ளிவிட்டு, 15 லட்சம் கடன் போட்டுப் புது வண்டி எடுத்தால், 9 சதவீத வட்டியில் ஏழு வருடத்துக்கு மாதம் சுமார் 24,100 ரூபாய் தவணை. புது வண்டிக்குக் கடைசியில் ஒரு மதிப்பு மிஞ்சும், அதையும் கூட்டிக்கொள்ளுங்கள். பழைய வண்டிக்கு மற்ற செலவும் வரும். 15 வயதானால் எஃப்.சி. காட்டி ஆர்.சி.யைப் புதுப்பிக்க வேண்டும், பிரேக் ஆக்சுவேட்டர் ஒருநாள் கையை நீட்டும். டொயோட்டா ஹைபிரிட்டில் தனி ஸ்டார்ட்டர் இல்லை, ஆல்டர்னேட்டர் இல்லை, கிளட்ச் இல்லை; அந்தச் செலவுகள் வரவே வராது, பிரேக் பேடும் நெடுநாள் தாங்கும். இத்தனையையும் ஒரு தாளில் எழுதுங்கள். ராத்திரி சாப்பிட்ட பிறகு, டி.வி.யை அணைத்துவிட்டு, வீட்டில் எல்லோரையும் உட்காரவைத்து எழுதுங்கள். சர்வீஸ் சென்டர் சோபாவில் எழுதாதீர்கள்.

பழைய ஹைபிரிட் என்றாலே குப்பை என்று பேசுகிறவரிடம் இதைச் சொல்லுங்கள்: அமெரிக்காவில் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் பத்திரிகை 2011இல், 3.3 லட்சம் கிலோமீட்டருக்கு மேல் ஓடிய 2002 மாடல் ப்ரியஸ் ஒன்றை எடுத்துச் சோதித்தது. பத்து வருடத்துக்கு முன்னால் புது ப்ரியஸைச் சோதித்தபோது லிட்டருக்கு எவ்வளவு கொடுத்ததோ, ஏறக்குறைய அதே 17 கிலோமீட்டரை அந்தக் கிழவண்டியும் கொடுத்தது. பேட்டரி அதே பழைய பேட்டரி. எல்லா வண்டியும் இப்படி இருக்கும் என்று நான் சத்தியம் செய்யவில்லை. கிலோமீட்டரைப் பார்த்தவுடன் பாடை கட்டுகிற அவசரம் வேண்டாம் என்கிறேன்.

சில வண்டிகளை விட்டுவிடத்தான் வேண்டும். வேளச்சேரியில் இதைச் சொல்லாமல் போக முடியாது. பேட்டரி வண்டியின் பின்பக்கம் தாழ்வாக உட்கார்ந்திருக்கிறது; சீட் மட்டத்துக்குத் தண்ணீர் ஏறி, சாக்கடையும் சேறும் அதில் ஊறியிருந்தால், இன்று ஒன்று, நாளை ஒன்று என்று ஒயரிங் உங்களை வருடக்கணக்கில் கொல்லும். அந்த வண்டியின் மேல் லட்சங்களைக் கொட்டுவது பிடிவாதம். விற்க முடிவு செய்வதற்கும் நெஞ்சுரம் வேண்டும். அப்பா வாங்கிக் கொடுத்த வண்டி, முதல் குழந்தையை ஆஸ்பத்திரியிலிருந்து அழைத்து வந்த வண்டி என்று ஆயிரம் கட்டு இருக்கும். அழுதுவிட்டு அவிழ்த்துவிடுங்கள். இனி ஒரு வெள்ளம் வந்தால், தண்ணீரில் நின்ற வண்டியின் பொத்தானை அழுத்தி 'வருதா பார்க்கலாம்' என்று சோதிக்காதீர்கள். நேராக டோ பண்ணி எடுத்துப் போகச் சொல்லுங்கள். இன்ஷூரன்ஸில் இன்ஜினுக்குத் தனிப் பாதுகாப்பு எடுத்திருக்கிறீர்களா என்று மழைக்கு முன்பே, இந்த வாரமே, பாலிசியைப் பிரித்துப் பாருங்கள்.

விற்பது என்று தீர்மானித்துவிட்டால், திருடன் மாதிரிக் கூச்சப்பட்டு விற்காதீர்கள். 14 ஜோடி எண்கள், சுத்தம் செய்த ரசீது, எஸ்டிமேட், வெள்ளம் பட்டதா படவில்லையா என்ற உண்மை எல்லாம் அந்த ஃபைலில் இருக்கட்டும். பேட்டரியை மாற்றிய பிறகு விற்றால், கழற்றிய பழைய பேட்டரிக்கு என்ன விலை கழித்தார்கள் என்ற கணக்கும் இருக்கட்டும். அதைக் குப்பையில் போட முடியாது, 2022இல் வந்த பேட்டரிக் கழிவு விதிகளின்படி தயாரிப்பாளர் பக்கம்தான் திரும்பப் போக வேண்டும், அதற்குள் இருக்கிற நிக்கலுக்கும் ஒரு மதிப்பு உண்டு. செகண்ட் ஹேண்ட் புரோக்கர் வருவார். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றுவார், டயரை ஒரு உதை உதைப்பார், "ஹைபிரிட்டா, ஐயய்யோ, பேட்டரி போனா..." என்று இழுப்பார். அவருக்கு டீ சொல்லுங்கள். ஃபைலை அவர் முன்னால் வையுங்கள். டிக்கியைத் திறந்து காட்டுங்கள். விலையை மட்டும் முதலில் அவரே சொல்லட்டும்.